நியூட்ரலில் இறங்கும் சிக்கனம்

சென்ற ஆயுத பூஜைக்கு நாமக்கல் பக்கம் ஒரு லாரி செட்டுக்குப் போயிருந்தேன். வண்டிகளுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கி, பொரிகடலை கைமாறி முடிந்ததும், அந்த ஆண்டு அதிக மைலேஜ் எடுத்த ஓட்டுநருக்கு முதலாளி பொன்னாடை போர்த்தித் தங்கக்காசு கொடுத்தார். "டீசல் மிச்சமானா அவனுக்கு. கொறஞ்சா அவங்கிட்டப் பிடிச்சுக்குவேன். இதைவிட நியாயம் என்னங்க இருக்குது?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இதைவிட நியாயம் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளியின் கவலை பொய்யில்லை. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகும் சென்னையில் டீசல் 92 ரூபாய்க்கு மேல்தான் நின்றது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டி மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் 2,500 லிட்டர் வேண்டும். டீசலுக்கு மட்டும் 2,30,000 ரூபாய். மைலேஜ் கால் கிலோமீட்டர் கூடினால் 147 லிட்டர் மிச்சம். பத்து வண்டி வைத்திருப்பவர் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி வழியில் விற்ற கதைகளும் உண்டு. ஜிபிஎஸ்ஸும் டேங்க் சென்சாரும் அதற்குக் கடிவாளம் போட்டன. நிதானமாக ஓட்டுகிறவருக்கும் பதறி ஓட்டுகிறவருக்கும் மைலேஜில் வித்தியாசம் வருவதும் உண்மை. இவ்வளவும் சரி.

மைலேஜை ஓட்டுநரின் சம்பளத்தோடு முடிச்சுப் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு லிட்டருக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை முடிவு செய்வதில் ஓட்டுநரின் காலுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது ஒரு பங்கு மட்டுமே. டயரில் காற்று குறைந்தால் டீசல் கூடும். ஏர் ஃபில்டர் அடைத்தாலும், இன்ஜெக்டர் தேய்ந்தாலும், கிளட்ச் நழுவினாலும், பிரேக் லைனர் டிரம்மை உரசிக்கொண்டே வந்தாலும் கூடும். இவற்றைச் சரிசெய்யும் பணம் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு அச்சுச்சுமை வரம்பைக் கூட்டிய பிறகும் அதற்கு மேல் ஏற்றுகிற பழக்கம் ஒழியவில்லை. அந்த லோடைப் பேசி முடிப்பவர் ஓட்டுநர் அல்ல. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றேமுக்கால் மடங்காகிறது. ஆனால் "நாளைக் காலைக்குள்ள இறக்கியாகணும்" என்று புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் போனைச் செய்த அதே ஆபீஸ்தான் நடை முடிந்ததும் மைலேஜ் ஏன் குறைந்தது என்று கணக்குக் கேட்கிறது.

2,000 கிலோமீட்டர் நடைக்கு 4 கிலோமீட்டர் என்று மைலேஜ் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 500 லிட்டர் கணக்கு. எதிர்க்காற்றிலும் மலைப்பாதையிலும் வண்டி 3.8 தந்தால் 526 லிட்டர் செலவாகியிருக்கும். கூடுதலான 26 லிட்டருக்கு ஏறக்குறைய 2,400 ரூபாய் ஓட்டுநரின் தலையில் விழும். ஒரு வாரம் வீட்டை விட்டுவிட்டு, தூக்கம் கெட்டு ஓட்டியவரின் பேட்டாவில் இது எவ்வளவு என்று முதலாளிகளே எண்ணிப் பார்க்கட்டும். விளக்கம் கேட்காமல் நஷ்டத்தைத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடிக்கக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டம் சொன்னது. லாரி செட்டுகளில் விளக்கம் கேட்கும் வேலையைக் கால்குலேட்டரே செய்துவிடுகிறது.

பணத்தோடு இது நின்றிருந்தால்கூட ஒரு கூலிப் பிரச்சினை என்று விட்டிருப்பேன். ஆனால் இது உயிரோடும் விளையாடுகிறது. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. இறக்கம் தொடங்கியதும் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்பது பல ஓட்டுநர்களின் நம்பிக்கை. அப்படி விடாதீர்கள் என்று எத்தனையோ முறை எச்சரித்தாகிவிட்டது. கியரில் இருக்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், லைனர் பிடி இழக்கும். அப்புறம் மிதித்தும் பயனில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்றைய காமன் ரெயில் என்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் போட்டே இறங்க வேண்டிய செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் மிச்சம் அல்ல, செலவு. இதை ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் போதும். ஆனால் பிடித்தத்தைக் கண்டு அஞ்சுகிறவனுக்கு இயந்திரவியல் காதில் ஏறாது. எந்தச் சொட்டை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் அவன் மனம் அலையும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம். நல்ல விதி. ஏசியும் டீசலில்தான் ஓடுகிறது. மைலேஜ் கணக்கில் அதற்கு இடம் விடாத செட்டில், சித்திரை வெயிலில் நாக்பூரைத் தாண்டும் ஓட்டுநர் என்ன செய்வார்? சுவிட்சை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பார். அரசு கொடுத்த குளிர்ச்சியை மைலேஜ் பிடித்தம் பறித்துக்கொள்ளும்.

டீசலை அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நடையும் அளக்கட்டும். மைலேஜ் வண்டியின் நாடி. நாடி தளர்ந்தால் வண்டியை முதலில் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். டயர் காற்றையும் ஃபில்டரையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். பிறகு லோடு ரசீதையும் நேரக்கெடுவையும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் டீசல் கூடினால் ஓட்டுநரை உட்காரவைத்துப் பேசலாம். நோயாளியின் நாடி இறங்கினால் தாதியின் சம்பளத்தைப் பிடிக்கும் ஆஸ்பத்திரியை நாம் ஏற்றுக்கொள்வோமா? லாரித் தொழிலில் அதைத்தான் நிர்வாகத் திறமை என்கிறார்கள்.

நல்ல மைலேஜுக்குப் பரிசு கொடுங்கள்; பிடித்தத்தை விட்டொழியுங்கள். அது நடக்கும்வரை, தொப்பூர் இறக்கத்தில் உங்கள் காருக்குப் பின்னால் ஒரு லாரி வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அது கியரில் வருகிறதா, நியூட்ரலில் வருகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது.