தேதியே புதிராகும் வினா

'வரலாற்றில் இன்று' என நாள்தோறும் கேட்கப்படும் வினாக்களுள் பெரும்பாலானவை ஆண்டையோ பெயரையோ கேட்பதோடு நின்றுவிட, தேதியையே புதிராக்கும் வினா அரிதாகவே அமைகிறது; உண்மையில் வினா அமைக்கும் கலையின் உச்சம் அதுவே. நவம்பர் 7 அன்று கேட்கத்தக்க ஒன்று: ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நாள் நவம்பரில் வருவது ஏன்? நான்காண்டுக்கு ஒருமுறை விதிவிலக்கின்றி ஒரு நாளைக் கூட்டிய ஜூலியன் நாட்காட்டி, சூரிய ஆண்டைவிடச் சற்றே நீண்டிருந்தது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதைத் திருத்திய பின்னரும் ரஷ்யா பழையதையே பின்பற்றியமையால், 1917இல் புரட்சி வெடித்த அக்டோபர் 25, மேற்கு ஐரோப்பாவில் நவம்பர் 7 ஆக இருந்தது. மறு ஆண்டு ரஷ்யாவும் புதிய முறைக்கு மாறியபோது, ஜனவரி 31ஐ அடுத்து பிப்ரவரி 14 பிறந்தது. எனவே 1918 பிப்ரவரி 5 அன்று மாஸ்கோவில் என்ன நடந்தது என்று கேட்டால், அங்கே அப்படியொரு நாளே இல்லை என்பதுதான் சரியான விடை.