சிலம்பு உடைந்தது, சிந்தனை எங்கே?

தென்காசி மாவட்டத்துச் சிவகிரியிலே, மலையடிவாரப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவனை அழைத்துச் சிலப்பதிகாரத்தைப் பற்றிக் கேளுங்கள். இயற்றியவர் இளங்கோவடிகள் என்பான். காண்டம் மூன்று, காதை முப்பது என்பான். பிழையில்லை! "பாண்டியன் எந்தச் சான்றைக்கொண்டு கோவலனைக் கொல்லச் சொன்னான், தம்பி?" என்று அடுத்துக் கேளுங்கள். விழிப்பான். குற்றம் அவனுடையதன்று. "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக" என்று கேட்டுப் பழகிய தேர்வுத்தாள், "இக்கூற்று ஏற்கத்தக்கதா? எதனால்?" என்று கேட்பது அரிதினும் அரிது.

சான்றும் சோதனையும் அறிவியல் வகுப்பின் வேலை, இலக்கியம் சுவைப்பதற்கே என்பர் சிலர். மதுரையின் கொலைக்களத்தைக் கண்ணைத் திறந்து பார்க்கட்டும் அவர்கள்!

மன்னனின் ஆணையிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையிலே இருக்குமானால் என்பதே அது. அந்த "ஆனால்" என்பதை ஆராய்ந்தவர் யார்? ஒருவருமில்லை. ஏவலர்க்கே ஐயம் பிறந்தது. இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்றனர். பொற்கொல்லன் என்ன செய்தான்? சான்று காட்டினானா? இல்லை. நகைத்தான். களவு நூலிலிருந்து, கள்வர்க்குத் துணையாகும் எட்டினை எடுத்துரைத்தான். நல்லவனாகத் தோன்றுவதும் கள்வனின் சூழ்ச்சியே என்பது அவன் வாதத்தின் சாரம். அப்படியானால், கள்வனாகத் தோன்றினும் கள்வன், தோன்றாவிடினும் கள்வன்! எதைக் காட்டினாலும் குற்றமே என்று முடிக்கும் வாதம், வாதமன்று, வலை. அந்த வலையிலே வீழ்ந்தனர் காவலர். கல்லாத களிமகன் ஒருவனின் வாள் பாய்ந்தது.

இனி அரசவைக்கு வாருங்கள். கண்ணகி அழுதாள், சினந்தாள். ஆயினும் வழக்கை வென்றது கண்ணீரன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று உடைப்பதற்கு முன்னரே சொன்னாள். தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்று மன்னனும் முன்னரே சொன்னான். அதன் பிறகே சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. கூற்று முதலில், சோதனை பிறகு, முடிவு இறுதியில்! ஆய்வுக்கூடம் கற்பிக்கும் ஒழுங்கு இதுதானே?

பாடம் அத்துடன் முடியவில்லை. உடைந்த சிலம்பு கோவலன் கள்வனல்லன் என்பதை மெய்ப்பித்தது. ஒரு பெண் தன் மார்பைத் திருகி எறிந்ததால் மாநகரம் எரிந்தது என்பதையும் அது மெய்ப்பித்ததா? இல்லை. முன்னது வழக்கின் சான்று. பின்னது காப்பியத்தின் கற்பனை. இரண்டையும் பிரித்தறியப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியும், ஆசிரியர் கேட்டால்!

கேட்காவிட்டால் என்ன கெட்டுவிடும்? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்திலே, பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம், மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றது. கைப்பேசியிலே வந்து நின்றான் பொற்கொல்லன், கேள்வி கேட்பாரில்லை!

சிவகிரியிலிருந்து தெற்கே, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் கடந்து தென்காசி சென்றால் குற்றாலம் அருகே. அங்கே வாழ்ந்து 1954-இல் மறைந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். புலவர் வீட்டுப் பரணிலிருந்த கவிதையைப் பொதுமக்கள் செவிக்குக் கொண்டுவந்தவர். அந்தத் தொண்டை நாம் மதிக்கிறோம். ஆனால் கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கினாரே, எதைக்கொண்டு? தம் சுவையைக் கொண்டு! இடைச்செருகல் உண்டு என்பது மெய்யே. எது செருகல் என்பதற்கு ஏடுகளை ஒப்புநோக்க வேண்டும். வையாபுரிப் பிள்ளை போன்றோர் நடந்த வழி அது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒருவரின் உணர்வு. "கம்பன் எழுதவில்லை" என்பதோ ஊரறியச் சொல்லும் வழக்கு. வழக்கென்றால் சான்று வேண்டும்.

பிறர் வீட்டை மட்டும் சோதிப்பது பகுத்தறிவாகாது. கண்ணகியின் கற்புப் புகழ் பெண்ணை அடிமையாக்குகிறது என்று சிலம்பைச் சாடினார் பெரியார். அண்ணாவின் ஆட்சியிலோ, 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, சென்னைக் கடற்கரையிலே கண்ணகிக்குச் சிலை எழுந்தது. இருவரும் நம்மவர்! யார் பக்கம் நியாயம்? நாம் விடை கூறமாட்டோம். பிள்ளைகளை இரு அணியாகப் பிரியுங்கள். "தலைவர் சொன்னார்" என்பது சான்றாகாது என்று முதலிலேயே விதி வகுத்துவிடுங்கள். காதையை எடுத்து வரியைக் காட்டி வாதிடட்டும். தோற்றவன் வெட்கப்படாமல் தன் கருத்தை மாற்றிக்கொள்ளட்டும். உண்மை தெரிந்த கணமே, "கள்வன் நானே" என்னும் பொருள்பட ஒப்புக்கொண்டான் பாண்டியன். அந்த நேர்மையையும் கற்கட்டும்.

தோழர்களே! மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறீர்கள். அடுத்த கிழமை அங்கே ஒரே ஒரு காதையைப் படியுங்கள். படித்து முடித்ததும், "இதை எதனால் நம்பினாய், தம்பி?" என்று கேளுங்கள். நாளை அந்தத் தம்பி உங்களையே அப்படிக் கேட்பான். கேட்கட்டும்! அன்றுதான் நம் பணி தொடங்கியது என்று பொருள்.