குப்பையில் எழுதியிருக்கும் பெயர்

கடற்கரை மணலில் ஒரு பிளாஸ்டிக் உறை கிடக்கிறது. அது யாருடைய குப்பை? தின்றுவிட்டு வீசி எறிந்தவருடையதா? அள்ளாமல் விட்ட நகராட்சியுடையதா? அந்த உறையில் அடைத்து விற்ற கம்பெனியுடையதா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று 2024 ஏப்ரலில் 'சயன்ஸ் அட்வான்சஸ்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது. வின் கவ்கர் என்பவரும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து எழுதியது. அதன் நிறைகுறைகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் பின்னணி. 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் நிலத்திலிருந்து கடலுக்குச் சென்றிருக்கும் என்று ஜென்னா ஜாம்பெக் குழுவினர் 2015ல் மதிப்பிட்டனர். அந்தக் கணக்கு நாடுவாரியாக அமைந்தது. சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை முதல் மூன்று இடங்களில் இருந்தன. இலங்கைக்கு ஐந்தாமிடம், இந்தியாவுக்குப் பன்னிரண்டாமிடம். பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு, ஆசிய மக்களே கடலைக் கெடுக்கிறார்கள் என்று தோன்றுவது இயல்பு.

பிலிப்பைன்ஸின் மக்கள் இயக்கங்கள் கணக்கை வேறு விதமாகப் போட்டன. 2017 செப்டம்பரில், மணிலா வளைகுடாவில் பறவைகள் வந்து தங்கும் பிரீடம் தீவில், தொண்டர்கள் எட்டு நாட்கள் குப்பை பொறுக்கினார்கள். பொறுக்கியதோடு நிற்காமல், ஒவ்வொரு துண்டிலும் அச்சிட்டிருந்த பெயரைப் படித்துக் கம்பெனிவாரியாக எழுதினார்கள். மொத்தம் 54,260 துண்டுகள். நெஸ்லேயும் யூனிலீவரும் முன்வரிசையில் நின்றன. நாட்டின் பெயர் இருந்த இடத்தில் கம்பெனியின் பெயர் வந்து அமர்ந்தது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. தாளும் பென்சிலும் பொறுமையுமே போதுமாயிருந்தன.

இந்த முறைக்கு 'பிராண்ட் ஆடிட்' என்று பெயர். 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் தொண்டர்கள் 1,576 முறை இவ்வாறு எண்ணி, 18 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பதிவு செய்தனர். அந்தப் பதிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்வதே நாம் எடுத்துக்கொண்ட கட்டுரை. பெயர் தெரிந்த துண்டுகளில் பாதிக்கு மேல் 56 கம்பெனிகளுடையவை என்றும், கோகோ கோலாவின் பங்கு மட்டும் 11 சதவீதம் என்றும் அது கூறுகிறது. மற்றொரு முடிவு இன்னும் முக்கியமானது. ஒரு கம்பெனியின் உற்பத்தி ஒரு சதவீதம் கூடினால், அதன் குப்பையும் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுகிறதாம். அதாவது, குப்பையின் அளவைக் குறைக்க வேண்டுமானால் உற்பத்தியைத் தொடாமல் முடியாது என்ற திசையையே இது காட்டுகிறது.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் 1953லேயே பானக் கம்பெனிகளும் டப்பாக் கம்பெனிகளும் கூடி, குப்பை போடாதீர்கள் என்று மக்களுக்குப் புத்தி சொல்ல ஒரு சங்கம் அமைத்தன. அன்று முதல் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் வீசி எறிந்தவர் மட்டுமே. சாதாரண மக்கள் எண்ணிச் சேர்த்த புள்ளிவிவரம் அந்தக் கூண்டில் இன்னொருவரையும் நிறுத்தியிருக்கிறது. இது சிறிய சாதனையன்று.

இனிக் குறைகளுக்கு வருவோம். இங்கே எண்ணப்பட்டது துண்டு, எடை அல்ல. ஒரு மிட்டாய்த் தாளும் ஒரு பெரிய கேனும் இதில் சமம். எங்கே எண்ணுவது என்பதைத் தொண்டர்களே தேர்ந்துகொண்டார்கள். எல்லா இடங்களும் சமமாக இடம்பெறவில்லை. உற்பத்தி அளவோ கம்பெனிகள் தாமே வெளியிட்ட கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்தவற்றில் 52 சதவீதத் துண்டுகளில் எந்தப் பெயரும் தெரியவில்லை. வெயிலும் உப்புநீரும் அச்சை அழித்துவிடுகின்றன. பெயரே அச்சிடாத பைகளும் ஏராளம்.

வாசகர்களே, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு துண்டுகளில் பெயருள்ளவை 48. அவற்றில் பாதி 24. ஆக, 56 கம்பெனிகளின் பங்கு, எண்ணிய மொத்தக் குப்பையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. 'உலகக் குப்பையில் பாதி இவர்களுடையது' என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது பிழை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு பிழையைப் பிடித்தே முழு உழைப்பையும் ஒதுக்கித் தள்ளிவிடுவார். கட்டுரையாசிரியர்களில் இயக்கத்தைச் சார்ந்தவர்களும் உண்டு. ஆனாலும் அந்த 52 சதவீதத்தை அவர்கள் மறைக்கவில்லை. அந்த நேர்மையே கட்டுரையின் பலம்.

கட்டுரை தொடாத பக்கம் ஒன்றும் உண்டு: வாங்குபவரின் நிலை. பிலிப்பைன்ஸ் கரையில் குவிவது சிறு சாஷேக்கள். சாஷே நமக்கும் புதிதல்ல. கடலூர் சின்னி கிருஷ்ணன் போன்றோர் பரப்பிய அந்தச் சிறு பொட்டலம்தான், முழுப் புட்டி வாங்க வசதியில்லாத அன்றாடக் கூலிக்காரர் வீட்டுக்கும் ஷாம்புவைக் கொண்டுவந்தது. சாஷேயைத் தடை செய் என்பவர்கள், சில்லறைக்குக் கொஞ்சமாக வாங்க அவருக்கு வேறு வழி என்ன என்றும் சொல்லியாக வேண்டும். கடைக்குப் பாத்திரம் கொண்டுபோய் அளந்து வாங்கிய வழக்கத்தை மீட்பது ஒரு வழி. அதற்கான செலவைக் கம்பெனி ஏற்பதா, கடைக்காரர் ஏற்பதா என்பதுதான் சண்டை.

பிளாஸ்டிக் பற்றிய உலக ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் முடிவு செய்தன. 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடியும் உடன்பாடு ஏற்படவில்லை. உற்பத்திக்கு வரம்பு கட்டுவதா, குப்பையை மட்டும் நிர்வகிப்பதா என்பதே முட்டுக்கட்டை. அத்தகைய இடத்தில் கோஷத்தைவிட நம்பத்தகுந்த கணக்குக்கே மதிப்பு அதிகம்.

மாணவ நண்பர்களே, உங்கள் தெருவிலும் இதைச் செய்யலாம். கையுறை அணிந்துகொண்டு நூறு துண்டுகளைப் பொறுக்குங்கள். பெயர், பொருள், எடை ஆகியவற்றை எழுதுங்கள். 'பெயர் தெரியாதது' என்ற பத்தியை மட்டும் மறவாதீர்கள். நகராட்சியிடம் மனுக் கொடுக்கப் போகும்போது, உங்கள் கணக்கை நம்பவைக்கப் போவது அந்தப் பத்திதான்.