காவலை விட்டு ஓடிய ஃபுல்-பேக்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் ஃபுல்-பேக் ஆடுபவரின் பெயர் ஸ்கோர் அட்டையில் ஏறுவது அபூர்வம். ஜீலாங் அணியின் மேத்யூ ஸ்கார்லெட் 1998 முதல் 2012 வரை 284 ஆட்டங்கள் ஆடினார். அடித்த கோல்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் 2007, 2009, 2011 என அந்த அணி தூக்கிய மூன்று கோப்பைகளைப் பற்றி அவர் பெயரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இந்த ஆட்டத்தில் ஃபுல்-பேக்கின் வேலை கொடுமையானது. எதிரணியின் ஆகப் பெரிய கோல் வேட்டைக்காரர் அவர் பொறுப்பு. உயர வரும் பந்தை அந்த ஆள் பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. யாரும் நெருங்க முடியாமல் நிதானமாகக் குறிபார்த்து உதைக்கலாம், போனால் ஆறு புள்ளி. அதனால் பந்து அந்த ஆளின் கைக்குப் போகுமுன் முஷ்டியால் குத்தித் தள்ளிவிட்டால் போதும் என்பது பழைய பாடம். ஸ்கார்லெட்டின் அப்பா ஜானும் ஜீலாங்கின் பின்கள வீரர்தான். ‘தந்தை - மகன்’ விதிப்படியே மகனை அந்த கிளப் எடுத்தது.

மகன் பாடத்தை மாற்றினார். குத்தித் தள்ள வேண்டிய பந்தைத் தானே பிடித்தார். பிடித்ததும், காவல் காக்க வேண்டிய ஆளை அப்படியே விட்டுவிட்டு முன்னால் ஓடினார். இடையில் பந்து பறிபோனால் அந்த முன்கள வீரர் கோல் முன்னால் தனியாக நிற்பார். அவ்வளவு பெரிய ஆபத்து. பயிற்சியாளர் மார்க் தாம்சன் அதற்கு இடம் கொடுத்தார். பின்னால் காவலுக்குக் கோரி என்ரைட், ஆண்ட்ரூ மேக்கி, டாம் ஹார்லி போன்றவர்கள் இருந்தார்கள். 2007 இறுதிப் போட்டியில் போர்ட் அடிலெய்டை ஜீலாங் 119 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கியது. கோப்பைக்கான 44 ஆண்டுக் காத்திருப்பு அன்று தீர்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டு, லீக் சுற்றில் ஒரே ஒரு தோல்வியுடன் வந்த அதே அணி இறுதியில் ஹாதர்னிடம் சரிந்தது.

அந்தக் காயத்தோடுதான் 2009 செப்டம்பர் 26 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் செயின்ட் கில்டாவை எதிர்கொண்டார்கள். கடைசி குவார்ட்டரின் இறுதி நிமிடங்களில் ஸ்கோர் சமன். மைதானத்தின் நடுப்பகுதியில் பந்து தரையில் கிடக்கிறது. குனிந்து அள்ள முயன்றிருந்தால் அங்கேயே அமுக்கிப் பிடித்திருப்பார்கள். ஸ்கார்லெட் குனியவில்லை. ஓட்டத்தை நிறுத்தாமல் ஷூ முனையால் பந்தை ஒரு தட்டுத் தட்டினார். அது சக வீரர் கேரி ஏப்லெட் ஜூனியரின் கைக்குப் போனது. அவர் அதை முன்களத்துக்கு ஓங்கி உதைக்க, டிராவிஸ் வார்கோ கையால் தட்டிக் கொடுக்க, பால் சாப்மன் கோல் அடித்தார். ஆட்டம் முடிந்தபோது ஜீலாங் 80, செயின்ட் கில்டா 68.

அந்தத் தட்டலை அனிச்சைச் செயல் என்று பாராட்டுபவர்கள் நிறைய. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் நின்ற இடம். கோலைக் காக்க வேண்டிய மனிதர், கோப்பை ஊசலாடும் நேரத்தில் மைதானத்தின் நடுவில் இருந்தார். வேறொரு ஃபுல்-பேக் தன் ஆளோடு ஒட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றிருப்பார். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

ஸ்கார்லெட் குறையில்லாத வீரர் அல்ல. 2012 சீசனின் முதல் சுற்றிலேயே ஃப்ரீமேன்டிலின் ஹேடன் பாலன்டைனை முகத்தில் குத்தி மூன்று ஆட்டத் தடை வாங்கினார். சீண்டியே பெயரெடுத்தவர் பாலன்டைன் என்றாலும், அத்தனை அனுபவமுள்ள ஒருவர் செய்யக்கூடாத காரியம் அது. அந்த சீசனின் முடிவில் அதே ஃப்ரீமேன்டிலிடம் எலிமினேஷன் ஃபைனலில் தோற்றதே அவருடைய கடைசி ஆட்டமானது.

ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் ஆறு முறை இடம்பெற்றவர் ஸ்கார்லெட். 1996-இல் லீக்கின் நூற்றாண்டு அணியை அறிவித்தபோது ஃபுல்-பேக் இடம் கார்ல்டனின் ஸ்டீபன் சில்வாக்னிக்குப் போனது. அன்று ஸ்கார்லெட் லீக்கில் காலடியே வைத்திருக்கவில்லை. சில்வாக்னி ஒருவரோடு ஒருவர் மோதலில் இரும்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பந்து கைக்கு வந்த பிறகு என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எடைபோட்டால், இன்று என் ஓட்டு ஸ்கார்லெட்டுக்கே.