பாவு பிணைத்த லேப்டாப்

மேம்படுத்தல் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் கைப்பட மாற்றியிருக்கிறீர்கள். புதிய பதிப்போடு வேறொன்று வந்திருக்கிறது. உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டச் சொன்னால் காட்டும். ஒன்றும் சொல்லாமல் என்டரைத் தட்டினால் என்னுடையதே இருக்கும். டெபியன் 13 லினக்ஸ் இயங்குதளத்தை ஆறு வாரம் புழங்கிய பிறகும் முதலில் சொல்லத் தோன்றுவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

அந்தக் கோப்பில் நான் மாற்றியிருந்தது ஒரே வரி. மூடியை மூடினாலும் லேப்டாப் தூங்கக் கூடாது. காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பாவின் தறி இருக்கிறது. பட்டுத் தூசு விசைகளுக்குள் போகாமலிருக்க மூடியே வைத்திருப்போம். உள்ளே பாட்டு ஓடும், அப்பா கேட்டுக்கொண்டே நெய்வார். அந்த ஒரு வரி போயிருந்தால் வீட்டின் வழக்கமே கெட்டிருக்கும்.

லேப்டாப், தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படித்த 2014-இல் தமிழ்நாடு அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அதன் வழியாகத்தான் நான் டெபியனுக்கு வந்தேன். 2019-இல் 10-ஆம் பதிப்பை நிறுவினேன். பிறகு 2021-இல் 11, 2023-இல் 12, இப்போது 13. நடுவில் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினேன், வட்டை எஸ்எஸ்டியாக மாற்றினேன். ஆனால் இயங்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியதே இல்லை.

13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. லினக்ஸ் கருவகம் 6.12, கிட்டத்தட்ட 70,000 மென்பொருள் பொதிகள் என்ற விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும். எங்கள் தெருவுக்கு முக்கியமான தேதி வேறு. அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லும் புதிய செயலியும் இந்த வயதுக் கணினிகளில் இல்லை. நன்றாக ஓடும் பொருளைத் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. நெசவு வேலை பார்க்கும் வீட்டில் ஒரு புதிய கணினி என்பது சிறிய செலவல்ல.

நான் மேம்படுத்த உட்கார்ந்ததும் அப்பா கேட்டார்: "புதுசா அச்சு கோக்கப் போறியா, இல்ல பிணைக்கப் போறியாம்மா?"

தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், தீரும்போது பழைய பாவின் நுனிகளை அவை நுழைந்து செல்லும் விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கான இழை இருக்கும். பிணைத்து முடித்து மெல்ல இழுத்தால், புதியது பழைய வழியிலேயே விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் ஏறிவிடும். தறியைப் பிரிக்க வேண்டாம். டெபியன் மேம்படுத்தலும் அப்படித்தான் நடக்கிறது. பொதிகள் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் கோப்பில் பழைய பதிப்பின் பெயரை எடுத்துவிட்டுப் புதிய பெயரை எழுதுகிறோம். முதல் சுற்றில், புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பவற்றில் முடிந்தவற்றை மட்டும் புதுப்பிக்கிறோம். இரண்டாம் சுற்றில்தான் முழு மாற்றம். "பிணைக்கத்தாம்பா போறேன்" என்றேன்.

வெளியே மழை. பேட்டரி பத்து நிமிடம் தாங்காது. இரண்டாம் சுற்றின் நடுவில் மின்சாரம் நின்று திரை அணைந்தது. அரை மணி கழித்துக் கணினியைத் திறந்தேன். பாதியில் நின்ற பொதிகளை அமைத்து முடிக்கச் சொல்லும் ஒரு கட்டளையைக் கொடுத்தேன். எது முடிந்தது, எது முடியவில்லை என்ற கணக்கு டெபியனிடம் இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்து வைத்த பிறகே தொடங்குங்கள். நானும் எடுத்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எக்ஸ்எஃப்சிஇ முகப்பில் பட்டை அதே ஓரத்தில். ஆறு வருடமாக விரலுக்குப் பழகிய தமிழ்99 விசைப்பலகை எந்த மென்பொருளிலும் தடுமாறவில்லை. மாற்றம் தெரிந்தது கிம்ப் என்ற பட மென்பொருளில். சேலைக்காக வரைபடத் தாளில் போடும் புட்டாவையும் கரையையும் நான் அதில்தான் வரைகிறேன், ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி. இப்போது வந்திருக்கும் 3.0-இல், போட்ட வடிப்பானைப் பிறகு திறந்து திருத்தலாம், மூலப்படம் கெடுவதில்லை. ஒரு மாங்காய் புட்டாவை நான்கு தடவை திருத்தினேன், ஒரு தடவைகூட முதலிலிருந்து வரையவில்லை.

குறைகளும் உண்டு. தற்காலிகக் கோப்புகள் இனி வட்டில் இல்லை, நினைவகத்தில். பாதி நினைவகம் வரை அவை எடுத்துக்கொள்ளலாம். 16 ஜிபி உள்ளவருக்கு அது வேகம். 4 ஜிபியில் அது இடநெருக்கடி. பழையபடி மாற்ற ஒரே கட்டளை போதும், நானும் மாற்றிவிட்டேன். 32-பிட் இன்டெல் வகைச் செயலி (x86) உள்ள பழைய கணினிகளுக்கு இந்தப் பதிப்பு இல்லை. அவை 12-இலேயே நிற்க வேண்டும். காரணம் புரிகிறது, ஆனாலும் பழைய கருவிகளைக் காப்பதில் பேர் பெற்ற டெபியன் இந்தக் கதவை மூடியதில் எனக்கு வருத்தம்தான்.

அதைவிடப் பெரிய குறை, நான் கொண்டாடும் அந்தக் கேள்வி ஆங்கிலத்தில் இருப்பது. நிறுவியைத் தமிழில் பார்க்க முடிகிறது. ஆனால் "உங்களுடையதை வைத்துக்கொள்ளவா" என்று கேட்கும் இடத்தில் தமிழ் இல்லை. அப்பாவால் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. ஞாயிறுதோறும் இணையத்தில் கூடித் தமிழில் பேசும் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு போன்றவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சில வரிகளின் மொழிபெயர்ப்புதான், செய்யக்கூடிய வேலை. நானும் கை கொடுக்க அணியமாக இருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்ததைக் கூரம் செப்பேடு பங்கு பிரித்துச் சொல்கிறது. பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் பங்கு, மண்டபத்தில் பாரதம் படிக்கப் பங்கு. பழுது வரும் என்பதை ஏற்றுக்கொண்டு அதற்கும் அப்போதே எழுதி வைத்தார்கள். டெபியனும் வெளியாகும் நாளிலேயே கணக்குச் சொல்லிவிடுகிறது. மூன்று ஆண்டு முழு ஆதரவு, பிறகு இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு. இந்த லேப்டாப்புக்கு 2030 வரை கவலையில்லை.

12-இல் இருப்பவர்கள் ஓர் ஓய்வுநாளில் பிணைத்துவிடுங்கள். 11-இல் இருப்பவர்கள் முதலில் 12-க்கு வந்துவிட்டு வாருங்கள். தாண்டிக் குதிக்க வழியில்லை. பேட்டரி மோசமாக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அந்தக் கேள்வி வரும்போது அவசரப்படாமல் வித்தியாசத்தைப் படித்துப் பாருங்கள். நான் படித்துப் பார்த்தேன், என் வரியையே வைத்துக்கொண்டேன். மூடிய லேப்டாப்பில் பாட்டு ஓடுகிறது, முன்னறையில் அப்பா நெய்துகொண்டிருக்கிறார்.