நிறுக்கப்பட்ட பாதியும் நிறுக்கப்படாத பாதியும்

அணுவாயுதத்தைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவர இயலுமா என்ற வினாவுக்கு உலக நாடுகள் இதுவரை அளித்துள்ள விடைகளுள் முதன்மையானது, 1968 ஜூலை 1-ஆம் தேதி லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் என்னும் மூன்று தலைநகரங்களில் கையொப்பத்துக்கு வைக்கப்பெற்று, 1970 மார்ச் 5 முதல் அமலில் இருந்துவரும் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தமாகும். 1967 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்னர் அணுகுண்டு செய்து வெடித்துக் காட்டிய அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்து தேசங்களை ஒரு வகுப்பாகவும், ஏனைய தேசங்கள் யாவற்றையும் மற்றொரு வகுப்பாகவும் அது பிரித்தது. பின்னவை குண்டைச் செய்வதில்லை, பெறுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிரதியாக, அணுசக்தியைச் சமாதான காரியங்களுக்குப் பயன்படுத்தும் உரிமை அவற்றுக்கு உண்டு. ஆயுதக் குறைப்புக்கான பேச்சுவார்த்தைகளை ஒப்பந்தத்தில் சேர்ந்த யாவரும், எல்லாருக்கும் மேலாக ஆயுதம் வைத்திருப்போர், நல்லெண்ணத்துடன் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வகுப்புப் பிரிவினையே பெருங்குற்றம் என்று கண்டிப்போர் பலர். அவர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. ஆயினும் அதனினும் பெரிதாக எனக்குத் தோன்றும் குறை வேறு: இந்த ஒப்பந்தத்தின் ஒரு பாதி கிராம் கணக்கில் நிறுக்கப்படுகிறது, மறு பாதியோ ஒருபோதும் தராசில் ஏற்றப்பட்டதே இல்லை.

நிறுக்கப்படும் பாதியின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வதே தர்மம். 1970-களுக்குள் பதினைந்து முதல் இருபத்தைந்து தேசங்களிடம் அணுகுண்டு இருக்கக்கூடும் என்று 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடி அஞ்சினார். இன்று அதை வைத்திருப்பவை ஒன்பது தேசங்களே. இந்தப் பெருமை முழுவதையும் ஒப்பந்தத்துக்கே சூட்டிவிட முடியாது. குண்டு செய்வதற்கான பெரும் பொருட்செலவும், வல்லரசுகளின் பாதுகாப்பு உறுதிமொழிகளும், உலக அபிப்பிராயத்துக்கு அஞ்சும் அச்சமும் தத்தம் பங்கைச் செய்தன. ஆனால் தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளை ரகசியமாகச் செய்து, பின்னர் அவற்றைத் தானே பிரித்துவிட்டு, 1991-இல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1993 மார்ச்சில் அதிபர் டி கிளார்க்கின் வாயிலாக அவ்வளவையும் உலகுக்கு அறிவித்தபோது, வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் பரிசோதகர்கள் பழைய ஆலைக் குறிப்பேடுகளைப் புரட்டி, செறிவூட்டப்பட்ட யுரேனியத்தின் வரவையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சான்று கூற முடிந்ததே, அத்தகைய சான்றைக் கூற உலகில் ஒரு ஸ்தாபனம் இருந்ததே, அது எளிய காரியமன்று.

அந்த முகமையின் கணக்குமுறை வியக்கத்தக்கது. 8 கிலோ புளுட்டோனியம், அல்லது உயர்செறிவு யுரேனியத்தில் அடங்கிய 25 கிலோ யுரேனியம்-235 என்பதே ஒரு குண்டு பிறக்க வழியுள்ள அளவாக அதன் ஏட்டில் கொள்ளப்படுகிறது. அந்த அளவு எங்கேனும் வழிமாறிச் சென்றால் காலத்தில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதே பரிசோதகர்களின் விரதம். வட கொரியா 1992-இல், தான் ஒரே ஒரு முறைதான், 1990-இல், ஏறத்தாழ 90 கிராம் புளுட்டோனியத்தைப் பிரித்தெடுத்ததாக வாக்குமூலம் அளித்தது. அத்தேசத்தின் யோங்பியோன் அணு நிலையத்தில் திரட்டிய மாதிரிகளைப் பகுத்தாய்ந்த விஞ்ஞானிகள், கதிரியக்கச் சிதைவால் பொருளில் காலம் பதித்துச் செல்லும் அடையாளங்களைக் கொண்டே, அந்தப் பிரித்தெடுப்பு பல முறை நடந்திருக்க வேண்டும் என்று நிரூபித்துவிட்டார்கள். ஓர் அரசாங்கம் முழுவதும் ஒருமுகமாக மறைத்ததை, கைப்பிடிக்குள் அடங்கும் மாதிரிகள் வெளிப்படுத்திவிட்டன. அரசர்களின் சொல்லைப் பொருளின் சாட்சியத்தால் சோதிக்கும் இந்த முறையை, மனித குலம் தன் நீண்ட சரித்திரத்தில் கண்டடைந்த அரிய நாகரிகச் சாதனைகளுள் ஒன்றென்றே நான் மதிக்கிறேன்.

இந்தப் பாதியிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஈராக் தன்னிடம் இருப்பதாகத் தெரிவித்த இடங்களை மட்டுமே பரிசோதகர்கள் பார்த்துவந்த காலத்தில், அதே தேசத்தில் ரகசிய ஆயுத முயற்சி வளர்ந்துகொண்டிருந்தது 1991 வளைகுடா யுத்தத்துக்குப் பின்னரே தெரியவந்தது. அதன் பயனாக 1997-இல் பரிசோதனை அதிகாரத்தை விரிவாக்கும் கூடுதல் நெறிமுறை உருவாயிற்று. பத்தாவது ஷரத்தின்படி மூன்று மாத முன்னறிவிப்புடன் விலகிச் செல்லும் வாசலும் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் வழியே 2003-இல் வெளியேறுவதாக அறிவித்த வட கொரியா, 2006 அக்டோபரில் முதல் குண்டை வெடித்தது.

இனி மறு பாதி. ஆயுதக் குறைப்பைப் பேசும் ஆறாவது ஷரத்தில் தேதி இல்லை, எண்ணிக்கை இல்லை, பரிசோதகர் இல்லை. ஐந்து வல்லரசுகள் தாமே விரும்பி ஒப்புவிக்கும் சில சிவில் நிலையங்களை மட்டுமே முகமை பார்வையிடுகிறது. ஆயுதக் கிடங்குகளின் வாசற்படியை அது மிதிப்பதில்லை. இந்தச் சமனின்மையை இந்தியா தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டியது. பொறுப்புகளும் கடமைகளும் இரு தரப்புக்கும் ஏற்கத்தக்க அளவில் சமநிலையில் இருக்க வேண்டும் என்று 1965-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானமும் ஏட்டில் இருந்தது. அதற்கும் மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்று பிராயத்தில் ராஜாஜி வாஷிங்டனுக்குச் சென்று, அணுவாயுதச் சோதனைகளை நிறுத்துமாறு கென்னடியிடம் நேரில் மன்றாடியது தமிழர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி. வலியவனே முதலில் அடங்க வேண்டும் என்ற தார்மிக வாதம் அந்த யாத்திரையில் இருந்தது. ஆனால் 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் நாமே வெடித்துக் காட்டியபின், அந்த வாதத்தை முன்னைய கனத்துடன் நம்மால் எடுத்துரைக்க இயலவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

1986-இல் உலகில் ஏறத்தாழ 70,000 இருந்த அணுகுண்டுகள் இன்று சுமார் 12,000 ஆகக் குறைந்திருக்கின்றனவே, இது கடமை நிறைவேறியதன் அடையாளமன்றோ என்று வல்லரசுகளின் ராஜதந்திரிகள் கேட்கிறார்கள். குறைந்தது மெய், மகிழத்தக்கது. ஆயின் அக்குறைப்பு பெரும்பாலும் அமெரிக்காவும் ரஷ்யாவும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளால் நேர்ந்தது. தமக்குள் கட்டியதைத் தமக்குள்ளேயே கலைத்துவிடவும் அவற்றால் முடியும். 1987-ஆம் ஆண்டின் நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் 2019-இல் அவ்வாறே மறைந்தது. ஏனைய தேசங்களோ, 1995-இல் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீட்டிக்க இசைந்ததன் மூலம், தம் கையில் இருந்த ஒரே பிடியையும் விட்டுக்கொடுத்துவிட்டன. 2015, 2022 ஆகிய இரு பரிசீலனை மாநாடுகளும் ஒருமித்த முடிவு காணாமலேயே கலைந்தன.

மறு பாதியையும் தராசில் ஏற்ற வேண்டும் என்று நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய தேசம் ஒன்று உண்டு. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுச் சோதனைகளை நடத்திய பூமியான மார்ஷல் தீவுகள், அணுவாயுதம் கொண்ட ஒன்பது தேசங்கள் மீதும் 2014-இல் ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் முறையிட்டது. பேச்சுவார்த்தையைத் தொடங்குவது மட்டுமன்று, அதை முடிவுக்குக் கொண்டுவருவதும் கடமையே என்று 1996-இல் அதே நீதிமன்றம் ஏகமனதாக ஆலோசனை கூறியிருந்ததே அம்முறையீட்டுக்கு ஆதாரம். நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்த பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் ஆகிய மூன்றுடன் மட்டுமே வழக்கு நடந்தது. 2016 அக்டோபரில், கட்சிகளுக்கிடையே விவகாரம் என்று ஒன்று எழவே இல்லை என்ற காரணத்தால் வழக்கு தள்ளுபடியாயிற்று; பிரிட்டன் மீதான வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டாகப் பிரிந்து நிற்க, தலைவரின் தீர்மான வாக்கே முடிவைச் செய்தது. மேனியிலும் மண்ணிலும் கதிர்வீச்சை ஏற்ற ஒரு மக்கட்கூட்டத்துக்கு விவகாரமே இல்லை என்று கூறிய அந்தத் தீர்ப்பை என்னால் மனமொப்பி ஏற்க முடியவில்லை.

ஆயுதங்களைப் பிறர் பரிசோதித்தால் அவற்றின் அமைப்பு ரகசியம் வெளிப்பட்டு, பரவலுக்கே அது வழிகோலிவிடும் என்பது வல்லரசுகளின் இறுதி ஆட்சேபம். இது அசட்டை செய்யத்தக்க ஆட்சேபமன்று. ஆயினும் இதற்கு விடை ஏற்கெனவே தேடப்பட்டுவிட்டது. 1996 முதல் 2002 வரை அமெரிக்கா, ரஷ்யா, முகமை ஆகிய மூன்றும் கூடி, ஆயுதங்களினின்று நீக்கிய பொருளை எவ்வாறு சர்வதேசப் பார்வைக்குள் கொண்டுவருவது என்று ஆராய்ந்தன. பெட்டியைத் திறவாமலே, அதனுள் இருப்பது குறித்த தன்மையும் அளவும் உடைய புளுட்டோனியந்தானா என்பதை மட்டும் அளந்து, அமைப்பு ரகசியம் எதையும் வெளியிடாமல், பச்சை விளக்காலோ சிவப்பு விளக்காலோ விடை கூறும் கருவிகளை அவர்களுடைய விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள். மாதிரி உடன்படிக்கையும் எழுதப்பட்டது. ஆனால் அதில் எவரும் கையொப்பமிடவில்லை; ஒரு பெட்டிகூட அதன்கீழ் ஒப்படைக்கப்படவில்லை. தம் ஆலைகளையும் ஏடுகளையும் ஐம்பதாண்டுகளாகத் திறந்து காட்டிவரும் தேசங்கள் அடுத்து எந்த மாநாட்டில் கூடினாலும், புதிய பிரகடனம் ஒன்றைக் கோருவதற்கு முன்னால், அந்த மாதிரி உடன்படிக்கையை மீண்டும் மேசையின்மேல் வைக்குமாறும், ஐந்து தேசங்களும் அதில் கையொப்பமிடுவதற்கு ஒரு தேதியைக் குறிக்குமாறும் கேட்க வேண்டும்.