விருப்ப நூலும் வேண்டாத நூலும்

‘தங்களுக்கு மிகவும் பிடித்த நூல் எது?’ என்று நம்மிடையே கற்றவர் எவரை வினவினாலும் சீறாப்புராணம் என்றோ, குணங்குடியார் பாடல்கள் என்றோ விடை வரும். சற்றே துருவினால், சீறாவின் மூன்று காண்டங்களுள் விலாதத்துக் காண்டத்தைக் கடந்து சென்றவர் மிகச் சிலரே என்பது புலனாகும். மானுக்குப் பிணை நின்ற படலத்தை யாவரும் சொல்வர். அதுவும் பாடநூல் வழி வந்த பழக்கமே. மதிப்புக்காகச் சொல்லும் நூல் வேறு, மனம் தோய்ந்து கற்ற நூல் வேறு.

மனம் தோய்ந்த வாசிப்புக்குக் காரைக்குடியே சான்று. சா. கணேசனார் ஒரே நூலைத் தம் வாழ்வாகக் கொண்டார். 1939-இல் கம்பன் கழகம் கண்டார். ஆண்டுதோறும் பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் விழா நிறைவுறும் மரபை நிலைபெறச் செய்தார். அவர் மூட்டிய கம்பன் பற்று ஊர் எல்லையோடும் சமய எல்லையோடும் நிற்கவில்லை. நாகூரில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மர்ஹூம் மு.மு. இஸ்மாயீல் அவர்கள் கம்பனில் தோய்ந்து நூல்கள் எழுதினார். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். தொழுகையையும் நோன்பையும் பேணிய ஒருவர் இராமகாதையைக் கவிதை என்ற நிலையில் நின்று துய்க்க முடிந்தது. இத்துணை உரம் வாய்ந்த வாசகர் ஒருவரேனும் உமறுப் புலவருக்குப் பிற சமயத்தாரிடையே கிடைத்தாரா என்று கேட்பது நியாயமே. ஆனால் அதற்கு முன், நம்மிடையே எத்தனை பேர் கிடைத்தனர் என்று கேட்பது அதனினும் நியாயம்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் இதற்கு நேர்மாறான ஒருவர் வாழ்ந்தார். ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950-ஆம் ஆண்டளவில் நூல்களைத் திரட்டத் தொடங்கினார். காவியத்தோடு கல்யாண அழைப்பிதழையும், இலக்கணத்தோடு நாடக நோட்டீசையும், பழைய திங்களிதழோடு காலணாப் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தார். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அவர் வரிசைப்படுத்தவில்லை. 1992-இல் அவர் மறைந்தபோது தொகுப்பில் ஏறத்தாழ ஓரிலட்சம் உருப்படிகள் இருந்தன. 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை வாங்கியது; சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் எழுந்தது. விலைபோகாத தாள்கள் எனப் பலர் எண்ணியவற்றை ஆய்வாளர்கள் கடல் கடந்து தேடி வந்தனர்.

குவியல் திறனாய்வு ஆகாது என்பர், உண்மையே. ஆனால் குவியல் இல்லாவிடில் திறனாய்வாளன் எதனைத் தேர்வான்?

நம் கிஸ்ஸாக்களை எண்ணிப் பாருங்கள். மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்று எத்தனை வகை! புலவர் பெருமக்கள் அவற்றின் நடை கலப்பு நடை என்று ஒதுக்கினர். மார்க்க அறிஞர் அவற்றின் கதைகள் ஆதாரமற்றவை என்று விலக்கினர். இரு சாராரும் சொன்னதில் உண்மை உண்டு. எனக்கும் பல கிஸ்ஸாக்கள் நாலு பக்கத்துக்கு மேல் சலிப்பூட்டுவனவே. ஆயினும் நம் பெண்கள் கூடியமர்ந்து ஓதியும் கேட்டும் வந்தவை அவை. அறபுச் சொல் தமிழ் உருபேற்று அடுப்படிப் பேச்சில் எவ்வாறு புழங்கிற்று என்பதைச் சீறாவின் செந்தமிழ் காட்டாது, கிஸ்ஸா காட்டும். இன்று நாம் முதுபெரும் நூலாகப் போற்றும் ஆயிரம் மசலாவும், 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய வினாவிடை நூல்தான். அதனை ஏட்டில் படியெடுத்துக் காத்தோர் எல்லாரும் அதன் கவிநயத்துக்காகவா காத்தனர்?

அறபுத்தமிழ் நூல்களின் கதி இன்னும் விந்தையானது. அவை வெறுப்பினால் அழியவில்லை, மரியாதையினால் அழிந்தன. எழுத்து அறபு எழுத்தாயிருத்தலால், படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அனைத்தையும் ஓதும் கிதாபென்றே கருதினர். கிழிந்த ஏடுகள் காலில் படலாகாது என்று பள்ளிவாசல் வளவில் புதைத்தனர்; ஓடும் நீரில் விட்டனர். சட்ட நூலும் மருத்துவ நூலும் அந்த மரியாதையோடு மண்ணுக்குள் போயின. இது பிடித்தது, அது பிடிக்காதது என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. எவரும் திறந்து பார்க்கவில்லை.

இளையான்குடியிலோ தொண்டியிலோ பழைய வீடொன்றை இடிக்கும்போது பரணிலிருந்து துணிக்கட்டு ஒன்று இறங்குமானால், அதனைப் புதைக்க எடுத்துச் செல்லுமுன் அறபுத்தமிழ் வாசிக்கவல்ல முதியவர் ஒருவர் முன் ஒருமுறை அவிழ்க்கலாம். மௌலிதும் மருந்துக் குறிப்பும், ஒரு மணமகளுக்குப் பாடிய வாழ்த்தும் ஒரே கட்டில் கிடக்கக்கூடும்.